எட்டுக் குதிரையும் பன்னிரண்டு குதிரையும்

ஜெலகாட் கடைசிக் கேனைத் தூக்கி மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுக் கம்பிச் சட்டத்தில் வைத்தாள். கிபிவோட் பழைய சைக்கிள் ட்யூப்பை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கேன்கள். அவனுக்குப் பின்னால் ஒருவர் ஒடுங்கி உட்கார இடம் இருந்தது. இன்றைக்கு அவளும் கூடப் போகிறாள். சோளக்காட்டை விட்டுப் பனி இன்னும் எழவில்லை. பாலை ஊற்றிவிட்டு நின்ற பெண்கள் சால்வைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு புது வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணத்துக்கு வச்சிருந்த கிடாரியையும் பழைய வண்டியையும் கொடுத்துட்டு இந்த இரும்பை வாங்கியிருக்கான். பொண்ணு வீட்டுக்குப் பரிசமா மாட்டுக்குப் பதிலா இதைத்தான் ஓட்டிட்டுப் போவியாடா?" என்றாள் டப்ராண்டிச்.

"அவங்க கேட்டது ஆறு மாடு, பெரியம்மா. இதோட எஞ்சின்ல பன்னெண்டு குதிரை இருக்கு. மிச்சத்தை அவங்கதான் எனக்குத் திருப்பித் தரணும்."

பெண்கள் சிரித்தார்கள். ஜெலகாட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் கீழே இருக்கும் பால் ஆலையின் லாரியே மேட்டுக்கு வந்து பாலை எடுத்துப் போகும். ஒரு மழையில் பாதை அரித்துப்போனது. பாதையைச் சரிசெய்தால் லாரி வரும் என்றார்கள். யார் சரிசெய்வது என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு கிபிவோட்டின் சின்ன வண்டிதான் மேட்டுப் பால் முழுவதையும் கீழே கொண்டுபோனது. இப்போது ஆலை வாசலைச் சாத்தும் நேரத்தையும் அரைமணி முன்னால் இழுத்துவிட்டார்கள். இரண்டு தடவை பால் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவையும் பிந்தினால் ஆலைப் பதிவேட்டில் பெண்கள் குழுவின் எண்ணையே அடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மேட்டுப் பாலை வாங்க ஆளில்லை. கன்றும் தேநீர்ப் பாத்திரமும் எவ்வளவுதான் குடிக்கும்?

போன வாரம் குழு கூடியபோது, இனி இருட்டோடு எழுந்து கறக்க வேண்டியதுதான் என்றாள் தலைவி ஜெலகாட். உடனே முணுமுணுப்பு கிளம்பியது.

"இருட்டுல போய் எழுப்பினா மாடு பாலை அடக்கிக்கும். நாம எழுந்திருச்சாலும் அது எழுந்திருக்கணுமே," என்றாள் டப்ராண்டிச்.

அப்போதுதான் கிபிவோட் குச்சியை எடுத்து மண்ணில் கணக்குப் போட்டான். "என் வண்டி எட்டுக் குதிரை சக்தி. பாலை ஏத்திக்கிட்டு எழுபதுல போகுது. டவுன்ல ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கேன், பன்னெண்டு குதிரை. அப்போ ஒண்ணரை மடங்கு. எழுபதும் முப்பத்தஞ்சும் நூத்தஞ்சு. நீங்க நிம்மதியா தூங்குங்க, போன நேரத்தை நான் ரோட்டுல பிடிச்சுத் தரேன்."

"நெசமாவாடா?"

"ஒரு ஜோடி எருது ஒரு ஏக்கர் உழுதா, ஒண்ணரை ஜோடி ஒண்ணரை ஏக்கர் உழுமா, உழாதா?"

"அரை ஜோடின்னா ஒத்தை எருது. அது எப்படிடா உழும்?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்துக் கலைந்தது. உழவு தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் குறை எதுவும் தெரியவில்லை.

ஜெலகாட்டுக்கு மட்டும் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அந்த மேட்டில் ஓடாத கால் கிடையாது என்றாலும், மாவட்டத்துக்காகப் பந்தயத்தில் ஓடிய கால் அவளுடையது ஒன்றுதான். மெதுவாக ஓடும்போது காற்று இருப்பதே தெரியாது. வேகம் ஏற ஏற அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மற்றவர்களைவிட ஒரே ஒரு அடி முன்னால் போவதற்கு, அதுவரை ஓடியதற்கு ஆன மூச்சைப்போல இன்னொரு மூச்சு வேண்டும். ஏர் உழும் எருதுக்குக் காற்று எதிரி இல்லை. சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பெண்களின் முகத்தில் தூக்கம் மிஞ்சிய சந்தோஷத்தைப் பார்த்தாள். அவள் முதுகும் அந்த அரைமணிக்குக் கெஞ்சியது. பையன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறானே என்றும் இருந்தது.

"சரி, வழக்கம்போலவே கறங்க," என்று சொல்லிவிட்டாள்.

இன்றைக்குச் செம்மண் இறக்கத்தில் பன்னிரண்டு குதிரைகளும் எட்டுக் குதிரைகளைப் போலத்தான் தடுமாறி இறங்கின. பள்ளத்துக்குப் பள்ளம் கேன்கள் மோதி முனகின. தார்ச்சாலை வந்ததும், பெரிய பண்ணையின் கோதுமை வயலுக்கு நடுவே கோடு போட்டதுபோல் நீண்ட சாலையில், கிபிவோட் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினான்.

"இப்பப் பாருங்க அக்கா!"

வேகம் காட்டும் முள் ஐம்பது, அறுபது, எழுபது என்று சரசரவென்று ஏறியது. பழைய வண்டி இந்த இடத்தில் மூச்சு வாங்கும், இது வாங்கவில்லை. ஜெலகாட்டுக்குக்கூட ஒரு நொடி நம்பிக்கை வந்தது. எழுபத்தைந்தில் முள் சோம்பல் பட்டது. எண்பதில் போய் நின்று நடுங்கியது.

"குனிங்க அக்கா! முதுகோட ஒட்டிக்குங்க!"

அவன் டாங்கின் மேல் படுத்தான். அவள் அவன் முதுகில் கன்னத்தை அழுத்தினாள். இரண்டு பக்கமும் கேன்கள் தோள்களை விரித்ததுபோல் நீட்டிக்கொண்டு காற்றை வாங்கின. முள் இம்மியும் நகரவில்லை. திருகிய கை அதற்கு மேல் திரும்பவில்லை.

"மிச்ச இருபத்தஞ்சு எங்க போச்சு? கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

"அவன் ஏமாத்தலை. காத்துடா."

"என்னது?"

"காத்து!" என்று கத்தினாள். அந்தச் சொல்லையும் காற்றே அடித்துக்கொண்டு போனது. போன வாரம் மெதுவாகச் சொல்லியிருந்தாலே எல்லார் காதிலும் விழுந்திருக்கும்.

அவர்கள் போய்ச் சேரும்போது காவலாளி லெலேய் வாசலுக்குப் பூட்டு போட்டுக்கொண்டிருந்தார். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. கிபிவோட் வாசலை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டை உதைத்துப் போட்டான்.

"இப்பதானே அண்ணே பூட்டினீங்க. நாங்க வர்றதைப் பார்த்தீங்களே," என்றாள் ஜெலகாட்.

"பார்த்தேன் தங்கச்சி. என் கையில என்ன இருக்கு? மணி சுவத்துல இருக்கு, அதைப் பார்த்துக்கிட்டு மேனேஜர் இருக்காரு."

"பால் கெடலை. நீங்களே பாருங்க." அவள் அவசரமாகக் கட்டை அவிழ்த்து ஒரு கேனின் மூடியைத் திறந்தாள். மூடிக்கடியில் வெண்ணெய் திரண்டு மிதந்தது. பால் நல்ல மணமாகத்தான் இருந்தது. லெலேய் குனிந்து பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கெடலைதான். ஆனா உங்க எண்ணை அடிச்சாச்சு. மணி ஆனதுமே உள்ள போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

பின்னால் ஹார்ன் அலறியது. பெரிய பண்ணையின் வெள்ளை டேங்கர், வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. லெலேய் பூட்டைத் திறக்க ஓடினார்.

"அவங்களுக்கு மட்டும் மணி கிடையாதா?" என்றான் கிபிவோட்.

"அது எப்ப வந்தாலும் எடுக்கணும்னு உத்தரவு, தம்பி. வண்டியைத் தள்ளு, சீக்கிரம் தள்ளு!"

ஹார்ன் மறுபடியும் அலறியது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். கட்டு அவிழ்ந்த பக்கம் பாரம் சரிந்தது. ஸ்டாண்ட் ஈரமண்ணில் புதைந்தது. வண்டி மெல்லச் சாய்ந்து விழுந்தது. ஜெலகாட் கேனைப் பிடிக்கப் பாய்ந்தாள். கைக்குக் கிடைத்தது மூடிதான்.

டேங்கர் அவர்களைத் தாண்டி உள்ளே போனது. கிபிவோட் வண்டியை நிமிர்த்தவில்லை. அதன் பக்கத்தில் மண்டியிட்டு, எண்பதிலிருந்து சைபருக்கு வந்துவிட்ட முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இருட்டுலேயே கறந்துடலாம் அக்கா. நானே வீடு வீடா வந்து எழுப்பறேன். பெரியம்மா மாட்டையும் நானே எழுப்பறேன்."

ஜெலகாட் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். லெலேய் அதை மறுபடியும் பூட்டியிருந்தார். வாசலுக்கு அப்பால் தரை சற்றுத் தாழ்வு. கொட்டிய பால் கம்பிக் கதவுக்கு அடியில் புகுந்து, டேங்கர் போன தடத்திலேயே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே டேங்கரின் குழாயை ஆலையோடு பொருத்தினார்கள். லெலேய் ரப்பர் குழாய் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, அவர்கள் பக்கம் பார்க்காமல், மேட்டுப் பாலின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அதை வாசலுக்கு வெளியே தள்ளினார்.