நூற்று எழுபத்திரண்டாவது பாசி

பேராசிரியர் நாகசுப்பிரமணியன் கண்டுபிடித்த புதிய பாசி வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் தென்பட்டது. மற்ற நாட்களில் அது எங்கே போகிறது என்று கேட்க மனோகரிக்குத் துணிவில்லை. மாத முடிவில் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிக்கும் கையெழுத்து அவர் பேனாவுக்குள் இருந்தது.

மட்டக்களப்பில் பிறந்து கனடாவின் லொங்குய்யில் குடியேறியவளுக்கு மொன்றியல் ஆய்வுகூடத்தில் வாய்த்த வேலை விசித்திரமானது. வடதுருவக் கடலின் பனிக்கட்டியை உருக்கி, அதன் அடிப்பக்கத்தில் தேத்தண்ணிக் கறைபோல் ஒட்டியிருக்கும் பாசிகளை நுண்ணோக்கியில் பார்த்து எண்ண வேண்டும். அந்தக் கறைக்குள் ஓர் ஊரே இருந்தது. படகு போலவும் ஊசி போலவும் சில. கைகோத்த சங்கிலியாகச் சில. எல்லாம் கண்ணாடி ஓடு போர்த்தவை. நூற்று எழுபத்தொரு வகைகள் ஒரே பனிக்கூரையின் கீழ், கிடைத்த வெளிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தன. மேலே மொன்றியலில் தமிழர்களுக்கோ அப்போதே சங்கங்கள் நாலு.

நூற்று எழுபத்திரண்டாவது, நடுவில் ஒடுங்கி இருபுறமும் உருண்டது. அதற்குத் தன் மனைவி அனுசூயாவின் பெயரை வைக்கப்போவதாகப் பேராசிரியர் சொன்னார். நாலாவது சங்கத்தின் தலைவர் சிவநேசம் பாராட்டு விழாவுக்கு மண்டபமும் பொன்னாடையும் எடுத்துவிட்டார்.

"எண்ணிக்கைத் தாள்ல நீயும் கையெழுத்துப் போடணும்மா" என்றார் பேராசிரியர்.

அன்று வெள்ளி. நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார். கண்ணாடித் தகட்டில் சொட்டு விட்டு, குனிந்து, வியப்பில் புருவத்தை உயர்த்தினார். வெள்ளைத் தூள் மெல்லத் தகட்டில் உதிர்ந்தது. மனோகரி அதைப் பார்த்துவிட்டாள்.

மத்தியானம் வரை யோசித்தாள். பிறகு கைப்பையிலிருந்த பிலிம் சுருள் டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகையை வெறும் தண்ணீரில் கரைத்துத் தகட்டில் வைத்தாள்.

"சேர், இதக் கொஞ்சம் பாருங்க."

"அடடே, கூட்டமா இருக்கே! எந்தப் பனிக்கட்டிம்மா?"

"பனிக்கட்டி இல்ல சேர். எங்கட கோயில் திருநீறு."

மாடு தின்னும் புல்லுக்குள்ளும் இப்படி நடுவில் ஒடுங்கிய கண்ணாடி மணிகள் உண்டு. சாணம் சாம்பலானாலும் அவை எரிவதில்லை. இது அவருக்கும் தெரியும். வெகுநேரம் நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"சிவநேசம் சார், விழாவ நிறுத்திடுங்க. அது பாசி இல்ல, விபூதி."

மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "விபூதியோ! வடதுருவ ஐசுக்குள்ளயோ! எத்தினை ஆயிரம் வருசம் பழசு, டொக்டர்?"

"இன்னிக்குக் காலைல என் நெத்தியிலேர்ந்து விழுந்தது சார்."

"உங்கட அடக்கம் எங்களுக்குத் தெரியும். மிச்சத்தைப் பேந்து மேடையில கதைப்பம்."

ஞாயிறன்று மேடையில் 'பனிக்கடலடியில் திருநீறு கண்ட செம்மல்' என்ற பதாகை தொங்கியது. பேராசிரியர் உண்மையை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் கைதட்டல் கூடியது. கடைசியில் பொன்னாடையைப் போட்டு வாயை அடைத்தார்கள்.

திங்கட்கிழமை கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். மனோகரி நூற்று எழுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள். அவரும் போட்டார். அடியில் அவளுடைய ஒப்பந்தத் தாள் இருந்தது. அதைப் படிக்காமலே போட்டார்.

"வெள்ளிக்கிழமை ஸ்லைடெல்லாம் இனிமே நீயே போட்டுடும்மா."

"ஓம் சேர்."

அவள் முதலில் திருநீற்று டப்பா இருந்த கைப்பையை எடுத்துப்போய் வெளியே கோட்டுகள் தொங்கும் இடத்தில் மாட்டிவிட்டு வந்தாள்.