இன்ஜினுக்கு வைத்த பொட்டு

கோவிந்தராஜன் கையில் சந்தனக் கிண்ணம் கிடைத்துவிட்டால் எதையும் விட்டுவைக்க மாட்டார். புனேயில் போபோடி பக்கத்தில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் தசராவன்று தண்ணீர் கூலருக்கும் பொட்டு வைத்த மனுஷன். இந்தத் தடவை அவரிடம் சிக்கியது எங்கள் நீராவி இன்ஜின்.

வெள்ளைக்காரன் காலத்து இன்ஜின். கட்கி ஸ்டேஷனிலிருந்து சரக்கு வேகன்களை உள்ளே இழுத்துவந்தது. டீசல் வந்ததும் வாசலில் மேடை கட்டி ஏற்றிவிட்டார்கள். வருஷா வருஷம் தசராவுக்குப் பெயின்ட் அடித்தோம். உள்ளே துரு தின்றுகொண்டிருந்தது. அதை மறுபடி ஓட்டுவேன் என்று ஃபிட்டர் ஜோசபின் கிளம்பியபோது நான் சிரித்தேன். அவள் அதைத் தண்டவாளத்தில் இறக்கவைத்து, குழாய் குழாயாகக் கழற்றி மாற்றினாள். தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக்கூடப் புது ரப்பர் வளையம் போட்டாள். அப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

வேலை முடிந்தது. பூஜை போட்டு, அன்றே பாய்லர் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் மறுபடி மேடைதான், சக்கரத்துக்கு சிமென்ட்தான் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லியிருந்தது.

பூஜை முடிந்து நெருப்பு மூட்டினோம். நீராவி ஏறியது. கொஞ்ச நேரத்தில் தொட்டியிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் போவது நின்றுவிட்டது. தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தும் பாய்லரில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. இன்ஸ்பெக்டர் நெருப்பை அணைக்கச் சொன்னார்.

ஜோசபின் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னாள்.

“நேத்து வரைக்கும் நல்லா குடிச்சுதே. இன்னைக்குப் புதுசா இன்னா பண்ணோம்?”

கேட்டுக்கொண்டே தொட்டிமேல் ஏறினாள். மூடியின் நடுவே காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன்மேல் தடிமனாகச் சந்தனம், சூட்டில் இறுகிப்போய், நடுவில் குங்குமத்தோடு. காற்று உள்ளே போகாமல் தண்ணீர் எப்படி இறங்கும்?

நகத்தால் பெயர்த்தாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பாய்லரில் மட்டம் ஏறத் தொடங்கியது.

கோவிந்தராஜன் தலைகுனிந்து நின்றார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஜோசபின் இறங்கிவந்து அவர் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், இன்ஜினின் வட்ட முகத்தில் நடுவாக ஒரு பொட்டு வைத்தாள்.

“நெத்தி இங்க இருக்குண்ணே. நீங்க வெச்சது மூக்குல.”

பிறகு ஏறி விசிலை இழுத்தாள். இன்ஜின் நகர்ந்தது. கோவிந்தராஜன் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். முதலில் சிரித்த நானும்தான் அழுதேன்.