நூற்று இருபதுக்கு ஒரு மொட்டை

என் மகள் தமிழ்மொழிக்கு ஒன்பது வயது. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். இதற்கு யார் காரணம் என்று என் வீட்டுக்காரர் டில்லிபாபுவைக் கேட்டால், வாயைத் திறக்காமல் என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஆட்டோ ஓட்டுகிறவர் என்றாலும் அவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். எங்கே? பக்கத்திலேயே இருக்கும் தரமணிக்கு! அடையாறிலிருந்து தரமணிக்குச் சுற்றுலா போன முதல் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் புதிதாக ஒரு தீம் பார்க் வந்திருக்கிறது. அதில் டிராகன் என்று ஒரு ரயில், ஆளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மூன்று சுற்று சுற்றி இறக்கிவிடும். அதில் ஏற எட்டு வயது முடிந்திருக்க வேண்டும், நூற்று இருபது சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். கலெக்டர் வேலைக்குக்கூட உயரம் கேட்பதில்லை.

வகுப்பில் மூன்று பிள்ளைகளைத் தடுத்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் ஏற்கெனவே பயந்துபோயிருந்ததால், தப்பித்தோம் என்று ஐஸ்கிரீம் வாங்க ஓடிவிட்டார்கள். என் மகள் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

டில்லிபாபுவிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான், திருத்தணி. ஆட்டோவுக்கு எஃப்.சி. சர்ட்டிபிகேட் கிடைக்கவில்லையா, திருத்தணி. மச்சானுக்குப் பெண் அமையவில்லையா, திருத்தணி. "முருகன்கிட்ட வேண்டிக்கோம்மா, நைனா சொல்றேன்ல. நூத்தி இருவது ஆயிட்டா முடி குடுக்குறேன்னு சொல்லு. அவரு பாத்துக்குவாரு" என்றார். அவளும் கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு முடி அப்படி. சுருட்டை சுருட்டையாக, அடர்த்தியாக, சீப்பு போனால் திரும்பி வராது. தெருவில் அவளைப் பார்த்து யாராவது நல்ல வார்த்தை சொன்னார்கள் என்றால் அது அந்த முடிக்காகத்தான்.

அன்றிலிருந்து மாதாமாதம் முதல் தேதி அளவு எடுப்பது என் வேலை. கதவுப் பக்கத்துச் சுவரில் நிற்க வைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளப்பேன். நான் டெய்லர். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருபது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாக வரும் ஜலஜா மாமிக்கு இடுப்பு நாற்பத்திரண்டு இருக்கும். டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "முப்பத்தெட்டு மாமி" என்பேன். "பாத்தியோ! காலம்பற எழுந்துண்டு வாக்கிங் போறது வீண் போகலை" என்று மாமிக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். நோட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொள்வேன். சொல்லும் அளவு மனுஷருக்கு, எழுதும் அளவு துணிக்கு. மாமியும் சந்தோஷம், ஜாக்கெட்டும் சரியாக இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு ஜாக்கெட்கூடத் திரும்பி வந்ததில்லை. இதில் என்ன பாவம் இருக்கிறது?

மே மாதம் முதல் தேதி. மகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "எவ்ளோம்மா?" என்றாள். ஸ்கேலை அழுத்தி வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. போன மாதமும் நூற்றுப் பதினெட்டு. அதற்கு முந்தின மாதமும் அதேதான். என்னைப் போலவே வளர்த்தி, பாவம். "சொல்லும்மா" என்றாள். உதடு துடித்துக்கொண்டிருந்தது.

கையிலிருந்த சீப்பால் அந்தச் சுருட்டை முடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். ஸ்கேலை முடியின் மேலாகவே வைத்தேன். "நூத்தி இருபதுடி!" என்றேன்.

அவள் குதித்த குதியில் பக்கத்து வீட்டு அமீனா பீ என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். பார்க்குக்குப் போகும் அன்றைக்கும் அதே மாதிரி முடியைத் தூக்கிச் சீவிவிட்டால் ஆயிற்று, எவன் ஸ்கேல் வைத்து அழுத்தப்போகிறான் என்று கணக்குப் போட்டேன். அபாரமான மூளை எனக்கு. முருகனை மட்டும் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் டில்லிபாபு சட்டையை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழமை திருத்தணி போறோம். அதுக்கு அடுத்த வாரம் பார்க்கு" என்றார்.

"மொதல்ல பார்க்கு போயிட்டு வரலாமே" என்றேன்.

"இன்னாமே பேசுற? வேண்டுதலைப் பாக்கி வச்சிக்கினு தலைகீழா தொங்குனா அவரு சும்மா வுடுவாரா? பெல்ட்டு கழண்டுக்கினா இன்னா பண்ணுவ?"

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்றேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றேன். பூ முடி கொடுத்தால் போதாதா, நுனியில் கொஞ்சம் கத்தரித்தால் ஆகாதா என்றேன். உண்மையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் மகளே, "நான்தானம்மா வேண்டிக்கினேன். நான்தானே குடுக்கணும்" என்றாள்.

திருத்தணியில் நாவிதர் நல்ல மனிதர். "இவ்ளோ முடியா பாப்பா!" என்று ஒரு நிமிஷம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. சந்தனம் பூசிய தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "இன்னொரு தடவ அளக்கலாம்மா" என்றாள். மொட்டை அடித்து ஒரு மண்டலம் ஆகும்வரை அளவு எடுக்கக் கூடாது, எடுத்தால் வளர்த்தி நின்றுபோகும் என்று அந்த இடத்திலேயே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தேன். டில்லிபாபுவும், "ஆமாம்மா, எங்க ஆயாகூட சொல்லும்" என்று தலையாட்டினார். மறுநாள் தி.நகர் ரங்கநாதன் தெருவில் இடிபட்டு மிதிபட்டு, அடிப்பாகம் செங்கல் கனத்தில் இருக்கும் ஒரு ஷூ வாங்கி வந்தேன்.

பார்க் வாசலில் டிக்கெட் வரிசையைப் பார்க்க வேண்டுமே! நூற்று இருபதுக்குக் கீழே இருந்தால் பாதி டிக்கெட். காரில் வந்து இறங்கிய அப்பன்மார் எல்லாம் பிள்ளைகளை, "முட்டிய மடக்குடா", "குனிஞ்சி நில்லுடா" என்று குட்டையாக்கிக்கொண்டிருந்தார்கள். மீசை அரும்பிய ஒரு பையன் குந்திக்கொண்டே நகர்ந்தான். எங்கள் பிள்ளை ஒருத்திதான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். "பெரியவங்க டிக்கெட்டு மூணு" என்றார் டில்லிபாபு. கவுன்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "பாப்பாவுக்கு அரை டிக்கெட் போதும் சார்" என்றார். "எம்பொண்ணு நூத்தி இருவது, சார். முழு டிக்கெட்டே குடு" என்று இவர் சண்டைக்கு நின்றார். கூடுதலாக வாங்கிக்கொள் என்று சண்டை போட்ட ஆளை அந்தக் கவுன்டர் அதுவரை பார்த்திருக்காது.

டிராகன் வாசலில், கையை நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட ஒரு பலகை. பக்கத்தில் ஷகீலா என்று பேட்ஜ் குத்திய ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். "ஷூவைக் கழட்டிட்டு நில்லுடா செல்லம்" என்றாள்.

"தரை சுடும்மா" என்றேன்.

"பாய் போட்டிருக்கேன்க்கா."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார்கள், கட்டையில் போக. மகள் ஷூவைக் கழற்றிவிட்டு ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே போய் நின்றாள். அந்தக் கைக்கும் மொட்டைத் தலைக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையும்.

"நூத்திப் பதினெட்டு. ரெண்டு கம்மி. அடுத்த வருஷம் வாடா" என்றாள் ஷகீலா.

"இன்னாம்மா கம்மி? ஊட்டுல நூத்தி இருவது கீது!" என்று டில்லிபாபு குரலை உயர்த்தினார்.

"மேல வர்ற கம்பி தோள்ல சரியா உக்காரணும் சார். குள்ளமா இருந்தா தலைகீழா போறப்போ நழுவிடும். உங்க புள்ளைக்காகத்தான் சொல்றேன்."

தமிழ்மொழி அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஷகீலாவைப் பார்த்து, பொறுமையாக, புரியாதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அக்கா, எங்க அம்மா டெய்லரு. எங்க அம்மா அளந்தா தப்பே வராது. உங்க ஒட்டகச்சிவிங்கிதான் தப்பா வரைஞ்சிகீது."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயே அளந்து காட்டும்மா."

ஷகீலாவுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். மேஜையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் நினைத்திருந்தால் கட்டைவிரலுக்குள் இரண்டு சென்டிமீட்டரை ஒளித்துக்கொண்டு நூற்று இருபது காட்டியிருப்பேன். எத்தனை மாமிகளைப் பார்த்த கை இது. அந்தக் கம்பியை ஒருமுறை பார்த்தேன். மேலே வண்டி கவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது.

குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை டேப்பை ஓட்டினேன். "நூத்திப் பதினெட்டு" என்றேன்.

"அப்போ அன்னிக்கு?"

"அன்னிக்கும் அதாண்டி. முடியச் சீப்பால தூக்கிவிட்டு அளந்தேன். உன் மூஞ்சப் பாத்து எனக்கு மனசு வரலடி கண்ணு."

"அடிப்பாவி! முருகன்கிட்டயே பொய்க் கணக்கா?" என்று டில்லிபாபு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு அதுதான் கவலை.

தமிழ்மொழி அவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஷூவை மாட்டினாள். இரண்டு காலுக்கும் நிதானமாக முடிச்சுப் போட்டாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"மொட்ட அடிக்கும்போது நான் ஆடாம இருக்கணும்னு நீதானேம்மா என் தலையப் புடிச்சிக்கினு இருந்தே?"

"ஆமாம்" என்றேன்.