வயிறு எடுத்த பொம்மை

அந்தத் துணிக்கடையின் முன்பக்கக் கண்ணாடி ஜன்னலுக்குள் ஒரு யானை தன் சம்பந்தி வீட்டாரோடு வந்து நின்றாலும் தும்பிக்கையை நீட்ட இடம் மிச்சமிருக்கும். அங்கே நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதுதான் அவருடைய உத்தியோகம். கடை முழுக்க அவரைப் பொம்மை அண்ணன் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளம் போடுகிறவருக்கே அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோயிருந்தது. கைதேர்ந்த மனிதர். ஒரு சாக்குப்பையைக் கொடுத்தால்கூட அதைப் பொம்மைக்குச் சுற்றி, தெருவில் போகிறவர்கள் விலை கேட்டு உள்ளே வரும்படி செய்துவிடுவார்.

வித்தை எல்லாம் முதுகுப் பக்கம்தான். முன்னாலிருந்து பார்த்தால் சிலை. பின்னால் போய்ப் பார்த்தால், தொளதொளத்த துணியை எல்லாம் இழுத்துப் பிடித்து, கிளிப்பும் குண்டூசியுமாக முள்ளம்பன்றி.

அந்த மாதம் கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. 'குட்டிச் சீமாட்டி' என்று பெட்டியில் தங்க எழுத்து. பிரித்துப் பார்த்தால், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இரவு விருந்துக்குப் போட்டுப்போகும் கறுப்பு மினுமினுப்பு கவுனை யாரோ கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சுருக்கி எடுத்ததுபோல் இருந்தது. இடுப்பை இறுக்க ஒரு பட்டை. கூடவே சோப்புப் பெட்டி அளவில் குதிகால் உயர்ந்த செருப்பு. கழுத்துப் பக்கத்துத் துண்டுத் துணியில் மட்டும் உண்மை அச்சாகியிருந்தது: ஆறு முதல் எட்டு வயது வரை.

கடையிலிருந்த குழந்தைப் பொம்மை பஞ்சு அடைத்தது. செய்தவன் நிஜக் குழந்தையைப் பார்த்துச் செய்திருக்க வேண்டும். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு, இப்போதுதான் சாப்பிட்டு எழுந்ததுபோல் நிற்கும். அதன்மேல் கவுனை மாட்டியதும் இடுப்புப் பட்டை வழுக்கி மார்புக்கு ஏறிவிட்டது. மேனேஜர், இவரைவிடப் பத்து வயது சின்னவர், தலைமை அலுவலகம் அனுப்பிய படத்தையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, படத்துல வயிறு சப்பட்டையா இருக்கு. நம்மளுது தொப்பையா நிக்குது."

"கொழந்தப் பொம்ம தம்பி. கொழந்தைக்கு வயிறு இருக்கும்."

"இருக்கட்டும். ஜன்னல்ல இருக்க வேணாம்."

பொம்மை அண்ணனுக்குச் சவால் என்றால் சர்க்கரை. பொம்மையின் முதுகு ஜிப்பைத் திறந்து, வயிற்றுப் பஞ்சைக் கை கையாக உருவி எடுத்து ஒரு பையில் போட்டார். தளர்ந்த உடம்பைப் பின்னால் இழுத்து வரிசையாகக் கிளிப் போட்டார். குழந்தைக்கு இடுப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஜன்னலுக்கு முன்னால் கூடிய கூட்டத்தில் போக்குவரத்தே நின்றது. ஒரு பேருந்து ஓட்டுநர் இறங்கிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பொம்மை அண்ணனுடைய மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். அவள் ஹாரன் அடித்தால் அடுத்த தெருவில் தூங்குகிற நாயும் எழுந்து ஓரமாகப் போய்ப் படுக்கும். ஊர்ச் செய்தி எல்லாம் அவளுக்கு வேன் வாசலிலேயே வந்து சேர்ந்துவிடும்.

"எந்தப் புண்ணியவான் அந்த ஜன்னல அலங்காரம் பண்ணானோ, அவன் கை வெளங்காமப் போகணும்னு இன்னைக்கு எல்லா அம்மாவும் சேர்ந்து வாழ்த்துனாங்க" என்றாள், காலை நீட்டி உட்கார்ந்தபடி.

"நீ என்ன சொன்ன?"

"நானும் சேர்ந்து வாழ்த்துனேன். அந்தக் கடைசி வீட்டுக்காரம்மா பொண்ணு அழுது அடம்பிடிச்சு வாங்கிட்டாளாம். அத மாட்டிக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல படியேறுது. ஏழு வயசுப் புள்ளைக்கு இடுப்புப் பட்ட எதுக்குங்க? மரத்துல ஏறுற வயசு."

"துணிதானம்மா. கழட்டிப் போட்டா முடிஞ்சுது."

"பாப்போம், முடியுதான்னு."

அவர்களுடைய ஒரே மகளுக்கும் ஏழு வயது. வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். வேனில் ஏறினால் இறங்கும்வரை வாய் மூடாது. அவள் பேச்சில் பெட்ரோல் இல்லாமலேயே வண்டி ஓடும் என்று அம்மா சொல்வாள். வாலுவும் கவுன் கேட்டாள். அம்மா முடியாது என்றுவிட்டாள். அப்பாவுக்கோ மனைவியிடம் ஜெயிக்க ஆசை. மாதிரிக்கு வந்த ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, மனைவி வேனைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் மகளுக்கு மாட்டிவிட்டார். போட்டுப் பார்த்தால் குழந்தை குழந்தையாகத்தானே இருக்கும், அதைக் காட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

வாலு கண்ணாடி முன் நின்றாள். பட்டை மார்புக்கு ஏறியது. இழுத்து இறக்கினாள். மறுபடி ஏறியது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.

"ஜன்னல்ல நிக்கிறவளுக்கு வயிறு இல்லப்பா. எனக்கு மட்டும் ஏன் இருக்கு?"

அவர் வீடு அதிரச் சிரித்தார். "சோறு போற எடம்டி அது. போட்டா பெருசாகும்."

அவள் சிரிக்கவில்லை. கவுனைத் தானே கழற்றி, ஒழுங்காக மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவள் வாழ்நாளில் மடித்த முதல் துணி அதுதான். அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மனைவி வேனைப் பெருக்கும்போது கடைசி இருக்கையின் அடியில் ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்தால் மதியச் சாப்பாடு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால், பூசணம் பூத்து, ஆட்டுக்குட்டி மாதிரி ரோமம் வளர்ந்த மூன்றாவது. மகளின் டப்பா தினமும் காலியாக வந்ததைப் பார்த்து அவள்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மகளைத் திட்டவில்லை. கணவரைத்தான் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"ரெண்டு வாரமா வேன்ல பேச மாட்டேங்குறா. தொண்ட வலியோன்னு நெனச்சேன். நேத்து வண்டிக் கண்ணாடில பாத்தேன். வயித்த உள்ள இழுத்துப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பேசினா மூச்சு வெளிய வருமில்ல. அதான் பேசல."

பொம்மை அண்ணன் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். அன்றைக்கு மகளின் டப்பாவை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

"நான் எவ்வளவோ கேட்டுட்டேன். 'சோறு போட்டா பெருசாகும்னு அப்பா சொன்னாரு'ங்குறா. நீங்க பண்ண பொம்ம, நீங்க சொன்ன சொல்லு. நீங்களே போய் அவளுக்கு வெளங்க வைங்க."

ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலுக்குள் உள்பக்கமாக ஏறி, பொம்மையின் முதுகைக் காட்டினார். கிளிப்பை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விடச் சொன்னார். வாலு கையை முழங்கை வரை விட்டாள்.

"ஒண்ணுமே இல்லப்பா உள்ள."

"அதேதான். எல்லாம் ஏமாத்து வேல. உங்கப்பன் பண்ண திருட்டுத்தனம். எந்தக் கொழந்தையும் இப்படி இருக்காது, புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினாள். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதை அவர் தரையில் வைப்பதற்குள் வாலு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் இதே மாதிரி பின்னாடி இழுத்துக் கிளிப் போட்டு விடுங்கப்பா. உங்களுக்குத்தான் தெரியுமே."

"அதுக்கு மூச்சு விட வேணாம்டி. உனக்கு வேணுமே."

"கொஞ்ச கொஞ்சமா விட்டுக்கிறேன்."

உயிரற்ற பொம்மைகளோடு இருபது வருஷம் வாழ்ந்தவர், அவற்றில் ஒன்றைப்போலவே நின்றார். பிறகு கடைப் பின்புறம் ஓடிப்போய், பஞ்சுப் பையைத் தேடி எடுத்துவந்தார். கிளிப்பை எல்லாம் பிடுங்கினார். பஞ்சை அடைக்க அடைக்கப் பொம்மைக்கு வயிறு எழும்பியது. உருவியதைவிட ஒரு கை அதிகமாகவே அடைத்துவிட்டார். கவுனின் பட்டை துள்ளி மேலே ஏறிக்கொண்டது. வாலு பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்தவர், வீட்டில் எழவு விழுந்தவர்போல் உள்ளே வந்தார்.

"அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. இப்ப பொம்மைக்கு அந்தத் துணி சேரவே இல்லயே."

"கொழந்தைக்குச் சேராது தம்பி. அதத்தான் ஜன்னல் சொல்லுது."

"ஜன்னல் எதுவும் சொல்ல வேணாம்ணே. விக்கணும், அவ்வளவுதான். கிளிப்பப் போடுங்க."

"நான் போடல."

"அப்ப வேற யாராவது போடுவாங்க. நீங்க மாடில பெட்ஷீட் பக்கம் போங்க. அங்க வயித்துப் பிரச்சன கெடையாது."

பெட்ஷீட் பிரிவு மூன்றாவது மாடி. போர்வையை மடித்து அடுக்குவது, வாடிக்கையாளர் பிரித்துப் போட்டதை மறுபடி மடிப்பது. அது தவிர அங்கே ஒரு வேலையும் இல்லை. மதியம் இறங்கிவந்தபோது ஜன்னலில் பொம்மைக்கு வயிறு மறுபடி காணாமல் போயிருந்தது. பில் போடுகிற பெண் அரை மணியில் முடித்துவிட்டாளாம். பின்னால் போய்ப் பார்த்தார். கிளிப் வரிசை கோணாமல் நின்றது. அவரிடம் கற்றுக்கொண்டவள்தான். கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையை உதறிவிட்டு வந்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளேயிருந்து கையை ஆட்டிப் போ போ என்று சைகை காட்டினார். அவள் திருப்பிக் கையாட்டினாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னார். வாலு தட்டில் சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கி வேலி கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாலயா அப்பாவ மாடிக்கு அனுப்பிட்டாங்க?"

"உன்னால இல்லடா. வயிறு வேணும்னு சொன்னேன், அதனால. வயிறு நல்லதுடா. எல்லாருக்கும் உண்டு. அம்மாவப் பாரு, என்னப் பாரு."

"அம்மாவும்தான் போட்டோ எடுக்குறப்ப உள்ள இழுத்துக்குறாங்க" என்றாள் வாலு, குற்றம் சொல்லாத குரலில். "வேன்லருந்து எறங்குறப்பவும்."

பொம்மை அண்ணன் மனைவியைப் பார்த்தார். நடுரோட்டில் லாரிக்காரனை அலறவைத்து வழி வாங்குகிறவளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. மறுக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலேயே கீழே வைத்தாள்.

"ஆமா. இழுத்துக்குறேன்."

"ஏம்மா?"

"தெரியல. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே இருக்கேன். இனிமே இழுக்கல."

சொல்லிவிட்டு மூச்சை விட்டாள். அத்தனை வருஷம் அதை எங்கே ஒளித்துவைத்திருந்தாளோ, சேலை மடிப்பு ஒரு சாண் முன்னால் நகர்ந்து மேசையைத் தொட்டது. வாலு எட்டிப் பார்த்தாள். மற்ற நாளாயிருந்தால் பொம்மை அண்ணன் அதை வைத்து ஒரு மாதத்துக்குச் சிரிப்பு நடத்தியிருப்பார்.

மனைவி ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். வாலு அதைப் பார்த்தாள். வேலியிலிருந்து சிறிதாக ஒன்று எடுத்துத் தானும் போட்டாள். அம்மா அடுத்த கவளம் எடுத்தாள், அவளும் எடுத்தாள். அம்மா கையைத் துடைக்கப் போனாள். வாலுவின் கையும் நின்றது. அம்மா மறுபடி தட்டுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

வேன் ஓட்டி வந்த களைப்பில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. மகளின் தட்டில் வேலி இன்னும் பாதிக்குமேல் இருந்தது.

"ஏங்க" என்றாள், கண்ணை மகளிடமிருந்து எடுக்காமல். "எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."