நாய்க்கு வெட்டிய மெஷின்

வீட்டு நாய் மைனருக்கு முதுகில் பாட்டில் மூடி அளவுக்கு முடி கொட்டியபோது சலூன்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாய் என்று இருந்தால் சொறியத்தான் செய்யும். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் தலைகளைப் பார்த்தவருக்கு ஒரு நாயின் முதுகு எந்த மூலைக்கு? ஞாயிற்றுக்கிழமை, கடையில் சும்மா கிடந்த பழைய மெஷினை வீட்டுக்கு எடுத்து வந்தார். வட்டத்தைச் சுற்றி முடியை ஒட்ட எடுத்து, எண்ணெய் தடவி, "இப்பத்தாண்டா உன் பேருக்கேத்த மாதிரி இருக்கே" என்று தட்டிக்கொடுத்தார். பிளேடை வெந்நீரில் கழுவித் துடைத்து, மெஷினை மறுபடி கடையில் வைத்துவிட்டார்.

புதன்கிழமைக்குள் ஒரு வட்டம் மூன்றாகிவிட்டது. வேறு வழியில்லாமல் காலை பத்து மணிக்கு மைனரைக் கால்நடை டாக்டரம்மாவின் மேஜைமேல் ஏற்றினார்.

"முடியை ரொம்ப சுத்தமா எடுத்திருக்காங்களே. யார் வெட்டுனது?" என்றார் டாக்டரம்மா.

"நாந்தாங்க." தொழில் தெரிந்தவர் வாயால் பாராட்டு வந்ததில் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டரம்மா நெருக்கப் பல் சீப்பால் நாயை வாரி, சீப்பில் வந்த தூளை ஈரக் காகிதத்தில் தட்டினார். "தெள்ளுப்பூச்சி இல்ல. இருந்தா அதோட எச்சம் ரத்தமா சிவப்பா கரையும்." தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "சொறிப்பூச்சியும் இல்ல." பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் தரும் ஒரு விளக்கை முதுகருகே பிடித்தார். வட்டங்களின் ஓரத்து முடிகள் மட்டும் பச்சையாக மின்னின.

"படர்தாமரை. பூஞ்சைதான், பயப்படாதீங்க. எல்லா நாய்க்கும் இப்படி மின்னாது, இவனுக்கு மின்னுது. மருந்து போட்டா போயிடும். ஆனா மனுஷங்களுக்கும் ஒட்டும். சின்னப் பிள்ளைங்களுக்குன்னா சட்டுனு ஒட்டும். வெளிய தெரிய ரெண்டு வாரம்கூட ஆகும். வெட்டுன மெஷினை வேற எதுக்கும் எடுக்கலையே?"

சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

திங்கட்கிழமை காலை புது மெஷினின் வயர் போய்விட்டது. மதியம் அது சரியாகி வரும்வரை பழைய மெஷினால்தான் ஓட்டினார். மொத்தம் மூன்று தலைகள். ஒன்று தபால்காரர். இன்னொன்று வேன் டிரைவர். மூன்றாவது, மச்சான்.

மச்சான் அவர் மனைவியின் அண்ணன். நாலு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாமனார் படுக்கையில் விழுந்தபோது மச்சானுக்கு வெளியூரில் வேலை. தினமும் போன் செய்வார். "மாமா நல்லாருக்காரு மச்சான்" என்று பதில் சொன்னவர் நம் சலூன்காரர்தான். புது வேலையில் இருக்கிறவரைக் கலவரப்படுத்த வேண்டாம், ரெண்டு நாள் போகட்டும் என்று எல்லாருமாகப் பேசி வைத்துக்கொண்டது. ரெண்டு நாள் ரெண்டு நாளாகப் பதினோரு நாள் ஆகிவிட்டது. மச்சான் வந்து சேர்ந்தபோது பார்ப்பதற்கு உடம்புதான் இருந்தது.

அப்படிப்பட்டவர் திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமல் கடைக்குள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "பின்கழுத்துல கொஞ்சம் பாருங்க மாப்ள" என்றார். பேச்சு அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சலூன்காரரின் மனைவி அடுப்படியில் அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது அந்தக் கழுத்தில்தான் நாயின் படர்தாமரை.

கிளினிக்கிலிருந்து நேரே கடைக்குப் போய் பழைய மெஷினைப் பையில் கட்டித் தூக்கி எறிந்தார். தபால்காரரைத் தேடிப் பிடித்துச் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, "நாய்ங்களுக்கும் எனக்கும் ஏற்கனவே ஆகாது, இப்ப இதுவுமா?" என்றார். டிரைவர் சிரிக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினார். சலூன்காரர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு மனைவிக்குப் போன் செய்தார்.

"அண்ணன்கிட்ட மட்டும் இப்பச் சொல்லாதீங்க. நாய்க்கு வெட்டுன மெஷின்லயா எனக்கு வெட்டுனீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? ரெண்டு நாள் போகட்டும். ஒட்டாமலேயே போனாலும் போயிடும்ல."

ரெண்டு நாள். மாமனார் விஷயத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தது.

கடையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னார். மச்சானின் தெரு முனைவரை இரண்டு தடவை போய்த் திரும்பினார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களின் பின்கழுத்தையெல்லாம் உற்றுப் பார்த்ததில் ஒரு அம்மாள் கைப்பையை இறுக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். ஏதாவது ஒரு கழுத்தில் வட்டம் தெரிந்தால்கூட, இது ஊரில் எல்லாருக்கும் வருவதுதான் என்று நிம்மதியாக இருந்திருக்கும் போல, மனிதருக்கு அப்படி ஒரு நிலைகொள்ளாமை.

நாலரை மணிக்கு மச்சான் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மச்சான் மகளைத் தோளில் சுமந்தபடி திறந்தார். மூன்று வயசு. அப்பாவின் பின்கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

"பாப்பாவைக் கீழ இறக்கிடுங்க மச்சான்," என்றார் சலூன்காரர். பிறகு நாய், மெஷின், பச்சை வெளிச்சம் என்று எல்லாவற்றையும் மென்று விழுங்காமல் சொன்னார்.

மச்சான் குழந்தையை இறக்கி, கை கழுவ அனுப்பினார். முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்பத்தான் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "காலைல பத்து மணிக்கு. உடனே வந்திருக்கணும். பயந்துட்டேன்."

மச்சான் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறரை மணி நேரம்," என்றார். "அப்பாவுக்குப் பதினோரு நாள்."

சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சான் உள்ளே போனார். கதவு மூடும் என்று எதிர்பார்த்தார் சலூன்காரர். ஆனால் ஒரு ஸ்டூலோடு திரும்பி வந்து, வெளிச்சம் விழும் இடத்தில் போட்டு, இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பாருங்க. ஏதாவது தெரியுதா?"

சலூன்காரர் குனிந்து பார்த்தார். சட்டைக் காலரை விலக்கி, முடி ஓரமாக ஒவ்வொரு இடமாகத் தேடினார்.

"இப்ப ஒண்ணும் இல்ல மச்சான். ஆனா தெரிய ரெண்டு வாரம் ஆகலாம்னாங்க."

"அப்ப ரெண்டு வாரமும் தினம் வந்து பாருங்க," என்றார் மச்சான், திரும்பாமலே. "தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."