கட்டுரையின் மறுபாதி

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, அவள் ஓடிவந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை என்றதும் தன் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிட்டாள். சில நாளில் அண்ணி போனில், "உன் முறையிலதான் வைத்தியம் பாக்குறாங்களாம். உன் பேரைச் சொன்னதுமே எனக்குப் பாதி பயம் போயிடுச்சு" என்றாள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. என்ன செய்கிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இளவயதில் அவள் எழுதிய கட்டுரை அது. முதல் சில நாள் மட்டும் மூளையில் அடிபட்ட எலியின் விழுந்த காலை அசைக்காமல் வைத்தால், காயம் பரவுவது குறைகிறது. அதற்குப் பிறகும் கட்டியே வைத்தால் கால் அடியோடு போய்விடுகிறது. இரண்டு பாதியும் சேர்ந்ததுதான் கண்டுபிடிப்பு. உலகமெல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். பதவி வந்தது, பாடப்புத்தகத்தில் பேர் ஏறியது. என்ன சொல்லி மேற்கோள் காட்டுகிறார்கள் என்று யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஒரு மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பஸ் ஓட்டிய கையை மார்போடு சேர்த்துப் பட்டி போட்டுக் கட்டியிருந்தார்கள். விரல்கள் கோழிக்கால்போல மடங்கி விறைத்திருந்தன.

"எப்போலேருந்து இப்படி?"

"மொத நாள்லேருந்து. ஆறு வாரம் அசைக்கவே கூடாதாம்" என்றாள் அண்ணி. "ஒருநாள் இவரு விரலை ஆட்டிப் பாத்தாரு. நான்தான் சத்தம் போட்டேன். நீ எழுதினதை மீறலாமா?"

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேரைக் கேட்டதும் டாக்டர் எழுந்து நின்றார். கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போனைக் கையிலெடுத்தார்.

"நான் சொன்னது மொத சில நாள்தான் டாக்டர். அப்புறமும் கட்டினா கெடுதல்னு அதே கட்டுரையில இருக்கு. படிச்சீங்களா?"

"சுருக்கம் படிச்சிருக்கேன் மேடம்." கணினியில் நிபுணர் குழுவின் வழிகாட்டியைத் திறந்து காட்டினார். ஆறு வாரம் என்றிருந்தது. கீழே அவள் பேர். "நீங்க எலியைப் பாத்தீங்க, நாங்க மனுஷங்களைப் பாக்குறோம். குழு சொன்னதை மீறினா என் தலைதான் உருளும்."

வீட்டுக்கு வந்து அவளே பட்டியை அவிழ்த்தாள். பயிற்சியாளரை வைத்துப் பல மாதம் பாடுபட்டதில் தோள் அசைந்தது. விரல் வரவில்லை. டிப்போவில் அண்ணனை விசாரணைக் கவுண்டரில் உட்காரவைத்தார்கள்.

அவள் இழை பிடித்துத் தேடினாள். முதலில் மேற்கோள் காட்டியவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அவரைப் பார்த்து எழுதியவர் மறுபாதியை விட்டுவிட்டார். அவரைப் பார்த்து எழுதியவர் நாளை வாரமாக்கினார். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகியிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் படிக்கவுமில்லை. அவள் விளக்கக் கட்டுரை வெளியிட்டாள். அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம் என்றது குழு.

அதற்குள் வாழ்நாள் சாதனை விருது வந்தது. மேடையிலேயே சொன்னாள்: "என் பேர்ல நடக்குற இந்த வைத்தியம் தப்பு. என் அண்ணன் கை இதனாலதான் போச்சு."

அரங்கில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "என்ன ஒரு அடக்கம்!" என்றார் விழாத் தலைவர். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அவளுடைய விளக்கக் கட்டுரையை இதுவரை ஒரே ஒருவர்தான் மேற்கோள் காட்டியிருக்கிறார், ஆறு வார ஓய்வுக்கு இன்னொரு ஆதாரமாக.

அதை அண்ணனிடம் சொன்னபோது அவன் கேட்டான்: "அது கிடக்கட்டும். அந்த எலிங்களுக்காவது கால் சரியாச்சா?"

"கட்டை அவுத்த பாதிக்கு நல்லாவே சரியாச்சு."

"அப்புறம்?"

"கொன்னுட்டோம். மூளையை அறுத்துப் பாக்கணுமே."

"அப்போ நான் தப்பிச்சேன்னு சொல்லு" என்று அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பாமலே எழுந்து உள்ளே போனாள்.