குடைகளும் கூரைகளும் விற்ற வாரம்

1

"கட்டுரைக்குக் கீழ என் பேரைப் போடுங்க, கோமோரி சான்."

கேட்கவே கூடாது என்று சிகுசாவின் அம்மா சொல்லி அனுப்பியது இதைத்தான். வடக்கே ஹாச்சினோஹே ஊரில் மீன் ஆலை வேலை அம்மாவுக்கு. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் சிகுசா நுமாதா. "வேலை குடுத்திருக்காங்க. தலையைக் குனிஞ்சு செய். பேரு கீருன்னு போய் நிக்காத."

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவின் அகிஹபராவில் ஒரு கடை. புது வீடியோ விளையாட்டு இயந்திரம் வாங்குவதற்கான குலுக்கலில் பெயர் விழுந்தவர்களின் வரிசையில் நானும் நின்றேன். விற்பனைப் பெண் பெட்டியின் உறையைக் கிழித்து, வாங்கியவரின் பெயரைத் தடித்த பேனாவால் அதன்மேல் எழுதினாள். "பேர் எழுதிட்டா, கூடுதல் விலைக்கு வேற ஆளுக்குத் தள்ள முடியாதுங்க." அந்தப் பேனாவைக் கொடுக்க எனக்கு ஒருத்தி தேவைப்பட்டாள்.

2

முதல் தொடக்கம்: டோக்கியோவில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், சிகுசா—

(அடித்துவிட்டேன். கோபமாக இருக்கிறவளுக்கு மழை எதற்கு?)

இரண்டாவது: இந்த வாரம் ஜப்பானில் வெள்ளை இயந்திரம் கறுப்பைவிட ஐந்து மடங்கு விற்றது.*

இது சிகுசா எழுதிய வரி. வீடியோ விளையாட்டு வார இதழொன்றில் வேலை. வாரந்தோறும் கடைகளின் விற்பனையைச் சேர்த்து ஒப்பிட்டு எழுதுவது அவள். கீழே அச்சாவது பகுதித் தலைவர் கோமோரியின் பெயர். வெள்ளைதான் வென்றது என்று ஊரே சொன்னபோது அவள் எழுதினாள்: வெள்ளை கைக்குள் அடங்கும், ரயிலில் ஆளுக்கொன்று. கறுப்பு தொலைக்காட்சிக்குக் கீழே, வீட்டுக்கொன்று. குடைகளையும் கூரைகளையும் எண்ணிவிட்டு, எது வென்றது என்கிறோம்.

படித்து வந்த வரி இல்லை. கூரை ஒழுகும் வீட்டுக்குள் குடை பிடித்து வீட்டுப்பாடம் எழுதியவளின் வரி.

கோமோரி அதை வானொலியில் சொன்னார். பிறகு மதுக்கடையில் அவளிடமே சொன்னார். "நுமாதா, குடை வேற, கூரை வேற. எழுதறதுன்னா இப்படி எழுதணும்மா."

இந்த ஆளை அயோக்கியனாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. அந்த வரி நிஜமாகவே தன்னுடையது என்று நம்பிவிட்டார். சுட்ட கோழி கோத்த கடைசி யகிதோரிக் குச்சியைக்கூட அவள் தட்டில்தான் வைத்தார்.

* இரண்டும் நான் செய்த இயந்திரங்கள். கடையில் தேடாதீர்கள்.

3

(கனவு. வேண்டாமென்றால் தாண்டிவிடுங்கள்.)

வீடு திரும்பும் ரயிலில் சிகுசா கண்ணயர்ந்தாள். சுமிதா ஆற்றுப் பாலத்தில் ஜனங்கள் மெதுவாகப் போகிறார்கள். தலைக்கு மேல் வெள்ளை இயந்திரங்கள், காகித விளக்குகள்போல ஒளிர்ந்துகொண்டு. கரையில் வீடுகள், கறுப்பு இயந்திரங்களே கூரைகளாக. குடையிலும் கூரையிலும் தடித்த மையில் யாரோ ஒருவரின் பெயர். அவள் கையிலிருந்ததில் மட்டும் எதுவுமில்லை. நான் அடித்த மழை முழுக்க அவள்மேல் விழுந்தது.

4

"பேரா?" கோமோரி சிரித்தார். "நுமாதா, வாசகருங்க என் பேரைப் பாத்துதான் நம்பறாங்க."

"கணக்கு போட்டது நான். கூரை ஒழுகினது எங்க வீட்டுல."

"ஒரு மூணு வருஷம் போகட்டும்."

"எங்கம்மா வாராவாரம் இதழ் வாங்கறாங்க. நம்ம பக்கத்தைத் திறந்து அடியில விரலை வெச்சுப் பாப்பாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மூடிருவாங்க."

கோமோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வாரம் முடியாதும்மா."

சிகுசா அவர் மேசையிலிருந்த தடித்த பேனாவை எடுத்தாள். அச்சுக்குப் போகவிருந்த தாளின் குறுக்கே, குடைகளின்மேல், கூரைகளின்மேல், தன் முழுப்பெயரை எழுதினாள்.

"பேர் எழுதியாச்சு. அடுத்த வாரத்துக்கு ஆள் பாத்துக்குங்க."

5

அவர் அதே பக்கத்தை இன்னொரு தாளில் எடுத்துக்கொள்ளலாம், தெரியும். அதனால் முடிவுகள்:

அ) கோமோரி மனம் மாறுகிறார். (நானே நம்பவில்லை.)

ஆ) ஹாச்சினோஹேயில் ஒரு விரல் பக்கத்தின் அடியில் நிற்கிறது, நகரவில்லை. (அழகாக வந்தது. கிழித்துவிட்டேன். தனக்குப் பதிலாக நான் வாங்கிக் கொடுப்பதைச் சிகுசா தொடமாட்டாள்.)

இ) இந்தக் கதைக்குக் கீழேயும் என் பெயர்தான் அச்சாகும். குடை வரி அவளுடையது. யார் பெயரைப் போடுவது என்று நீங்களே—

சிகுசா காத்திருக்கவில்லை. மேசையிலிருந்த தன் தேநீர்க் கோப்பையைக் காலையிலேயே பைக்குள் வைத்துவிட்டிருந்தாள். அது எதிலோ மோதி மெல்ல ஒலிக்க, கோமோரியையும் என்னையும் தாண்டி வெளியே போனாள்.